எவர்சில்வர் வளையும்போது உள்ளே என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறையில் ஷீட் வளைப்பவர்கள், மெட்டலர்ஜி படிக்கும் மாணவர்கள், பாத்திரக்கடைக்குக் காந்தம் கொண்டுபோகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. வேறு ரகம் என்று சொல்லாத இடத்திலெல்லாம் பேச்சு 304 பற்றியது. சிங்க், டம்ளர், பால் டேங்க், ஆஸ்பத்திரி மேஜை என்று நாம் அதிகம் தொடும் ரகம் அதுதான்.

304 ஷீட்டின் உள்ளே என்னதான் இருக்கிறது?

பெரும்பகுதி இரும்பு. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், கொஞ்சம் மாங்கனீசும் சிலிக்கனும், மிகக் குறைவாகக் கார்பன். துருவைத் தடுப்பது குரோமியத்தின் வேலை. ஷீட் எப்படி வளைகிறது என்பதில் நிக்கலுக்குத்தான் பெரிய பங்கு.

சாதாரண இரும்பில் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நட்டநடுவிலும் இருக்கும். நிக்கல் போதிய அளவு சேர்ந்தால் அறை வெப்பநிலையிலேயே வேறொரு அமைப்பு நிலைத்துவிடுகிறது. அதில் மூலைகளோடு ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் இருக்கும், நடுவில் இருக்காது. இதற்கு ஆஸ்டெனைட் என்று பெயர். காந்தத்தில் ஒட்டாது, நன்றாக வளைந்து கொடுக்கும்.

ஷீட் முழுவதும் ஒரே படிகம் என்று நினைக்க வேண்டாம். சில பத்து மைக்ரான் அளவுள்ள லட்சக்கணக்கான சிறு படிகங்கள் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இவற்றைக் கிரெய்ன் என்கிறோம். ஒவ்வொரு கிரெய்னிலும் அணு வரிசைகள் வெவ்வேறு திசையைப் பார்த்திருக்கும். ஒரு துண்டைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்து, 10 சதவீத ஆக்ஸாலிக் அமிலத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தால் எல்லைகள் அரிக்கப்பட்டுத் தெளிவாகத் தெரியும். பல கிரெய்ன்களுக்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேரான பட்டைகளும் தெரியும். அவை அனீலிங்கின்போது, அதாவது ஷீட்டை மிகச் சூடேற்றி இளக்கும்போது, உருவான ட்வின்கள்: அணு அடுக்கு கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பி அமைந்த பட்டைகள். அவற்றைப் பார்த்த உடனே இது ஆஸ்டெனைட் வகை என்று யூகிக்கலாம்.

வளைக்கும்போது அணுக்கள் எப்படி நகர்கின்றன?

அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட தளங்களில், ஒரு அடுக்கு இன்னொன்றின்மேல் வழுக்குகிறது. ஆஸ்டெனைட்டில் இப்படிப்பட்ட தளங்கள் நான்கு திசைகளில் உண்டு. ஒவ்வொன்றிலும் வழுக்க மூன்று வழிகள், மொத்தம் பன்னிரண்டு. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு வழி தோதாக அமைந்துவிடுவதால்தான் இந்த எஃகு உடையாமல் வளைகிறது.

ஆனால் ஒரு அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. அப்படி வழுக்கினால் எவ்வளவு விசை வேண்டும் என்று 1926-ல் ஃபிரெங்கல் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை 304-க்குப் போட்டால் சுமார் 12,000 மெகாபாஸ்கல் (ஒரு பரப்பின்மேல் விழும் விசையை அளக்கும் அலகு) வருகிறது. அனீல் செய்த ஷீட் உண்மையில் அதில் நூறில் ஒரு பங்கு விசைக்கே வழுக்கத் தொடங்கிவிடும். இந்த முரண்பாட்டுக்கு 1934-ல் டெய்லர், ஓரோவான், போலான்யி மூவரும் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டார்கள். படிகத்தில் ஏற்கெனவே ஒரு கோட்டுக் குறை இருக்கிறது. அங்கே ஒரு அணு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். அந்தக் கோடு நகரும்போது ஒரு நேரத்தில் ஒரு வரிசை அணுப் பிணைப்புகள் மட்டும் அறுந்து பக்கத்து வரிசையோடு ஒட்டுகின்றன. விரித்த ஜமக்காளத்தை மொத்தமாக இழுக்காமல், ஒரு ஓரத்தில் மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பை மறு ஓரம்வரை தள்ளுவதுபோல. இந்தக் கோட்டுக் குறைதான் டிஸ்லொகேஷன். ஒரு டிஸ்லொகேஷன் ஒரு முறை கடந்துபோனால் கிடைக்கும் நகர்வு சுமார் 0.25 நானோமீட்டர். ஒரு டம்ளரை உருவாக்க எத்தனை கோடி கோடி கடப்புகள் தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

டிஸ்லொகேஷனை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் தனி இடம் உண்டு. 1934 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் காகிதத்தில் இருந்த கருத்து, நம்பாதவர்களும் இருந்தார்கள். 1956-ல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் மூவரும் அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து டிஸ்லொகேஷன்கள் நகர்வதைக் கண்டார்கள். அதே ஆண்டு ஜெனீவாவில் வால்டர் போல்மன், மின்பாலிஷ் முறையில் எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அவற்றைக் கண்டார். அடுத்த ஆண்டு இரு தரப்பும் சேர்ந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கிரெய்ன் எல்லையில் முட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும் டிஸ்லொகேஷன்கள் அதில் படமாகவே இருந்தன. உலோகவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எங்கள் காலேஜ் லேபில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் ஏதாவது தெரியுமா?

தெரியும், கண்டிப்பாகச் செய்து பாருங்கள். அனீல் செய்த 304 பட்டை ஒன்றை முதலில் பாலிஷ் செய்யுங்கள், எட்ச் செய்ய (அமிலத்தில் அரிக்க) வேண்டாம். பிறகு கையாலேயே லேசாக வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தைச் சற்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியாக இருந்த பரப்பில் மெல்லிய இணைகோடுகள் தோன்றியிருக்கும். ஒரு கிரெய்னுக்குள் எல்லாம் ஒரே திசையில் ஓடும், பக்கத்துக் கிரெய்னில் சட்டென்று திசை மாறும். வழுக்கிய தளங்கள் பரப்பில் விட்டுப்போன படிக்கட்டுகள் அவை. இன்னும் வளைத்தால் அதே கிரெய்னில் இரண்டாவது திசையிலும் கோடுகள் வந்து முதல் கோடுகளை வெட்டும். மறுபடி பாலிஷ் செய்தால் படிக்கட்டுகள் தேய்ந்து மறைந்துவிடும்.

அந்தக் கோடுகள் எவ்வளவு நேராக இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். இதே சோதனையை அலுமினியத்தில் செய்தால் கோடுகள் நெளிந்து தெரியும். அடுத்து வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்த நேர்கோடுதான் ஆதாரம்.

வளைத்து விட்டதும் ஷீட் கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறதே?

அணுக்கள் இடம் மாறாமல், பிணைப்புகள் மட்டும் நீண்ட பகுதி அது. விசையை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். அனீல் செய்த 304-ல் இது சுமார் 0.1 சதவீத நீட்சிவரைதான். ஷீட் எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு அதிகம் நிமிரும். ஒரே கேஜ் (தடிமன்), ஒரே டை (அச்சு), ஆனால் புது லாட்டில் கோணம் சரியாக வரவில்லை என்றால், முதலில் ஷீட்டின் கடினத்தைச் சோதியுங்கள்.

வேலை செய்யச் செய்ய ஸ்டெயின்லெஸ் ஏன் இவ்வளவு இறுகுகிறது? மைல்டு ஸ்டீல் இப்படி இல்லையே?

இந்த உலோகத்தின் குணத்தையே நிர்ணயிக்கும் கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஆஸ்டெனைட்டில் ஒரு டிஸ்லொகேஷன் முழுதாக ஓடுவதில்லை. அது இரண்டு பாதியாகப் பிரிகிறது. முன்பாதி முதலில் போகும், பின்பாதி சில நானோமீட்டர் தள்ளி வரும். நடுவில் உள்ள நாடா போன்ற பகுதியில் அணு அடுக்குகள் தப்பான வரிசையில் இருக்கும். சரியான அடுக்கு முறை ஏபிசி, ஏபிசி என்று போகிறது என்றால், இங்கே ஒரு இடத்தில் ஏபிஏபி என்று வந்துவிடும். இதை அடுக்குப் பிழை என்போம். இந்தப் பிழையை வைத்திருக்கப் படிகம் ஒரு ஆற்றல் விலை கொடுக்க வேண்டும். அலுமினியத்தில் அந்த விலை ஒரு சதுர மீட்டருக்கு 150 மில்லிஜூலுக்கும் மேல். அதனால் இரண்டு பாதிகளும் கிட்டத்தட்ட ஒட்டியே ஓடும். 304-ல் விலை சுமார் 20 மட்டுமே. எனவே பாதிகள் தாராளமாக விலகி நிற்கின்றன.

சரி, அதனால் என்ன? ஒட்டி ஓடும் டிஸ்லொகேஷன் வழியில் தடை வந்தால் பக்கத்துத் தளத்துக்குத் தாவி விலகிப் போய்விடும். விலகி நிற்கும் ஜோடியால் அது முடியாது. தாவ வேண்டுமானால் இரண்டு பாதிகளும் முதலில் ஒன்றுசேர வேண்டும், அதற்குத் தனியாக விசை வேண்டும். ஆகவே 304-ல் டிஸ்லொகேஷன்கள் தங்கள் தளத்தை விடாமல் நேராகவே ஓடி, கிரெய்ன் எல்லையிலோ இன்னொரு கூட்டத்திலோ முட்டி நின்றுவிடுகின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நேர்கோட்டுக்குக் காரணம் இதுதான். நின்றவை பின்னால் வருபவற்றையும் தடுக்கின்றன. வெவ்வேறு தளத்தில் வந்தவை ஒன்றையொன்று வெட்டிப் பூட்டிக்கொள்கின்றன. எதிரெதிர் வகை டிஸ்லொகேஷன்கள் சந்தித்து அழிந்துபோவதும் குறைகிறது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

நன்கு அனீல் செய்த எஃகில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் டிஸ்லொகேஷன் கோடுகளை நீட்டி வைத்தால் சில பத்து கிலோமீட்டரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர்வரை வரலாம். பலமாக உருட்டிய ஷீட்டில் அதே கன சென்டிமீட்டரில் பத்து லட்சம் கிலோமீட்டர் இருக்கும். பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் போல் இரண்டரை மடங்கு. அவ்வளவு நெரிசலில் எந்தக் கோடும் எளிதாக நகர முடியாது. அதைத்தான் நாம் கையில் இறுக்கமாக உணர்கிறோம்.

ட்ரில் போடும்போது பிட் சட்டென்று ஏறாமல் நின்றுவிடுவதும் இதனால்தானா?

ஆமாம். மழுங்கிய பிட் வெட்டாமல் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டு சுற்றினால், அடியில் உள்ள மெல்லிய அடுக்கு கடுமையாக உருமாறி இறுகிவிடும். அப்புறம் புது பிட் போட்டாலும் சிரமம். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, ஆயில் விட்டு, பிட் இடைவிடாமல் சீவல் எடுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இறுகிய அடுக்குக்குக் கீழே வெட்டுமுனை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

டம்ளர் விளிம்பிலும் சிங்க் மூலையிலும் காந்தம் ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் காந்தத்தையே சிங்கின் தட்டையான அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது அல்லது மிக லேசாக இழுக்கும். மூலைக்கு நகர்த்த நகர்த்த இழுப்பு கூடும். ஒரே ஷீட், ஒரே கலவை. மூலை அதிகமாக உருமாறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்பு சொன்ன அடுக்குப் பிழைகள் பக்கத்துப் பக்கத்துத் தளங்களில் சேர்ந்தால் மெல்லிய பட்டைகள் உருவாகும். ஒவ்வொரு தளத்திலும் பிழை வந்தால் அது ட்வின். ஒன்று விட்டு ஒரு தளத்தில் வந்தால் அடுக்கு முறையே அறுகோண வகையாக மாறிவிடும். இப்படி இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அணுக்கள் இன்னொரு முறை இடம்மாறி, சாதாரண இரும்பைப் போல மையத்தில் அணு உள்ள அமைப்புக்குப் போய்விடுகின்றன. இதுதான் மார்ட்டென்சைட். இது காந்தத்தில் ஒட்டும். எந்த அணுவும் நெடுந்தூரம் போகவில்லை, கலவையும் மாறவில்லை. அணுக்கள் கூட்டமாக, தம் அண்டை அணுக்களை விடாமல், ஒரு அணு இடைவெளிக்கும் குறைவான தூரம் நகர்ந்திருக்கின்றன. அழுத்திய இடத்தில் எஃகு வேறொரு எஃகாக மாறிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆகவே காந்தத்தை மட்டும் நம்பிக் கடைக்காரரோடு வாக்குவாதம் செய்வது நியாயமில்லை. 430 என்ற ரகம் எல்லா இடத்திலும் நன்றாக ஒட்டும், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசை ஷீட்டோ 304 போலவே ஒட்டாது. விலை வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, காந்தம் அதைக் காட்டாது.

இந்த மாற்றம் கெடுதலா?

அப்படிச் சொல்ல முடியாது. ஷீட்டை இழுக்கும்போது எந்த இடம் மெலிந்து அறுந்துபோகப் பார்க்கிறதோ, அங்கேதான் உருமாற்றம் அதிகம். அங்கே மார்ட்டென்சைட் உருவாகி இறுகுவதால் இழுப்பு பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும். இப்படியே பரவிப் பரவி ஷீட் நெடுந்தூரம் நீள்கிறது. நிக்கல் சற்றுக் குறைந்த 301 ரகத்தில் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். முழுக் கடினத்துக்குக் குளிர்நிலையில் உருட்டிய 301 ஷீட்டுக்கு அமெரிக்கத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை வலிமை 1275 மெகாபாஸ்கல். அனீல் செய்த 304-க்கு அது கேட்பது 515. ஸ்பிரிங், கிளிப், ரயில் பெட்டிச் சட்டம் எல்லாம் இப்படிப்பட்ட ஷீட்டில் வருகின்றன.

எந்த லாட் அதிகம் மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். 1954-ல் ஏஞ்சல் என்பவர் ஒரு சூத்திரம் தந்தார். 30 சதவீதம் இழுத்து நீட்டினால் பாதி ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட்டாக மாறும் வெப்பநிலையை அது கலவையிலிருந்து கணக்கிடும். அதன்படி நிக்கல் 1 சதவீதம் கூடினால் அந்த வெப்பநிலை 9.5 டிகிரி இறங்கும். குரோமியம் 1 சதவீதத்துக்கு 13.7 டிகிரி. கார்பனும் நைட்ரஜனும்தான் மிக வலுவானவை, 0.01 சதவீதம் கூடினாலே 4.6 டிகிரி இறங்கும். 8.1 சதவீதம் நிக்கல் உள்ள ஒரு வழக்கமான 304-க்குப் போட்டுப் பார்த்தால் 19 டிகிரி செல்சியஸ் அளவில் வரும். நிக்கலை 10.1 ஆக்கினால் பூஜ்யத்துக்குப் போய்விடும். இரண்டுமே 304 என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன! சோதனைச் சான்றிதழில் ரகத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல் நிக்கல், கார்பன், நைட்ரஜன் எண்களையும் படியுங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பிரஸ்ஸை வேகமாக ஓட்டினால் மார்ட்டென்சைட் கூடுமா?

குறையும். உருமாற்றத்துக்குச் செலவிட்ட வேலையில் பெரும்பகுதி வெப்பமாகிறது. ஸ்டெயின்லெஸ் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், எனவே வேகமாக அழுத்தினால் அந்த இடம் சூடேறிவிடும். சூடேறினால் ஆஸ்டெனைட் நிலைபெறும். காலையில் முதல் சில பீஸ்கள் ஒரு மாதிரியும், டை சூடான பிறகு வருபவை வேறு மாதிரியும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

டீப் டிரா செய்த (ஷீட்டை டைக்குள் ஆழமாக அழுத்தி இழுத்த) கப் நன்றாக வந்தது. மறுநாள் பார்த்தால் விளிம்பில் நேர்க்கோடாக விரிசல். யாரும் தொடவே இல்லை.

இதற்குத் தாமத விரிசல் என்று பெயர். நிக்கல் குறைந்த ரகங்களில் அதிகம் வரும். மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும். டை விட்டதும் கப்பின் விளிம்பில் சுற்றுவாக்கில் இழுவிசை தங்கிவிடுகிறது. அந்த விளிம்பில் மார்ட்டென்சைட் நிறைய இருக்கிறது. எஃகுக்குள் மிகச் சிறிதளவு ஹைட்ரஜனும் இருக்கிறது. ஆஸ்டெனைட் ஹைட்ரஜனைத் தாராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும், அதற்குள் ஹைட்ரஜன் மெதுவாகத்தான் நகரும். மார்ட்டென்சைட்டால் அவ்வளவு வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் அதற்குள் ஹைட்ரஜன் வேகமாக ஓடும். மாற்றம் நடந்த இடத்தில் மிஞ்சிய ஹைட்ரஜன் இழுவிசை அதிகமுள்ள இடத்தை நோக்கிப் போய்ச் சேர சில மணி நேரமோ சில நாளோ ஆகும். அதனால்தான் மறுநாள்.

ஒரே இழுப்பில் ஆழமாகப் போகாமல் நடுவில் அனீல் செய்வது, இழுத்த கப்பைத் தாமதிக்காமல் அனீலிங்குக்கு அனுப்புவது, நிக்கல் அல்லது செம்பு கூடிய ரகத்துக்கு மாறுவது ஆகிய மூன்றும் உதவும். செம்பு அடுக்குப் பிழையின் ஆற்றல் விலையை ஏற்றி மார்ட்டென்சைட்டைத் தடுக்கிறது. டீப் டிராவுக்கான 200 வரிசை ரகங்களில் செம்பு சேர்ப்பது இதற்காகத்தான்.

அனீல் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

ஆகும், சரியாகச் செய்தால். 304-க்கு 1010 முதல் 1120 டிகிரிவரை சூடேற்றி வேகமாகக் குளிர்விக்க வேண்டும். மார்ட்டென்சைட் ஆஸ்டெனைட்டாகத் திரும்பும், நெரிசல்பட்ட கிரெய்ன்கள் இருந்த இடத்தில் புதிய, சுத்தமான கிரெய்ன்கள் முளைக்கும். காந்தம் விட்டுவிடும். மெதுவாகக் குளிர்வித்தால் 850 முதல் 450 டிகிரிவரையிலான எல்லைக்குள் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து கிரெய்ன் எல்லைகளில் படிந்துவிடும், அப்புறம் அந்த எல்லைகள் அரிக்கும். அளவுக்கு மேல் நேரம் வைத்தால் கிரெய்ன்கள் பெருத்துவிடும். பெரிய கிரெய்ன் உள்ள ஷீட்டை இழுத்தால் ஒவ்வொரு கிரெய்னும் தன் போக்கில் மேடுபள்ளமாகி, பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும், பஃப் போடும் செலவும் ஏறும். வலிமையும் குறையும். கிரெய்ன் சிறுத்தால் எஃகு வலுக்கும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹாலும் பெட்சும் அளந்து காட்டினார்கள்.

430 போன்ற ஃபெரைட் ரகங்களும் இப்படித்தானா?

இல்லை. அங்கே அணு அமைப்பு ஆரம்பத்திலிருந்தே இரும்பின் அமைப்பு. டிஸ்லொகேஷன்கள் எளிதாகத் தளம் தாவும், இறுகுவது குறைவு, மார்ட்டென்சைட் மாற்றமும் இல்லை. கடுங்குளிரில் டிஸ்லொகேஷன் நகர்வதே சிரமமாகி 430 நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஆஸ்டெனைட்டுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவ இயற்கை எரிவாயுவை 304 டேங்கில் வைக்க முடிவது அதனால்தான்.

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஏன் ஒடிகிறது?

முன்னும் பின்னும் வழுக்குவது ஒரே பட்டைகளில் குவிந்துவிடுகிறது. முன்னே போன டிஸ்லொகேஷன் அப்படியே பின்னே வருவதில்லை. அந்த மிச்சம் பரப்பில் மைக்ரான் அளவு மேடாகவும் பள்ளமாகவும் சேர்கிறது. அந்தப் பள்ளத்தின் அடிதான் முதல் விரிசல். பாலிஷ் நன்றாக இருந்தால் களைப்பு முறிவு தள்ளிப்போகும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

சூட்டில்?

500 டிகிரியைத் தாண்டினால், எஃகு தாங்கும் என்று நாம் நினைக்கும் விசையிலும் மெதுவாக நீண்டுகொண்டே இருக்கும். இது கிரீப். படிகத்தில் அணு இல்லாமல் விட்டுப்போன காலியிடங்கள் நகர்வதால், தடையில் நின்ற டிஸ்லொகேஷன்கள் மெல்ல மேலேறித் தப்பிவிடுகின்றன. கிரெய்ன் எல்லைகளும் வழுக்கத் தொடங்கும்.

கல்பாக்கத்தில் கட்டிய முன்மாதிரி வேக ஈனுலை என்ற அணு உலையில், வெப்பத்தை எடுத்துச் செல்லும் திரவச் சோடியம் சூடான பக்கத்தில் 547 டிகிரியில் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதன் முக்கியக் கட்டமைப்புக்கு 316எல்என் என்ற ரகம். நைட்ரஜன் அணுக்கள் டிஸ்லொகேஷனைப் பிடித்து நிறுத்தும், கார்பன் குறைவாக இருப்பதால் எல்லை அரிப்பு வராது. எரிபொருள் குழாய்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வேக நியூட்ரான்கள் அணுக்களை இடத்தைவிட்டுத் தட்டிவிடுவதால் காலியிடங்கள் கூடி நுண்ணிய வெற்றிடங்களாகி எஃகு உப்பிவிடும். ஸ்காட்லாந்தின் டூன்ரே உலையில் பயன்பட்ட குழாய்களில் காதோர்னும் ஃபுல்டனும் இதைக் கண்டு 1967-ல் வெளியிட்டார்கள். கல்பாக்கக் குழாய்களுக்கு டைட்டானியம் சேர்த்த டி9 எஃகை எடுத்து, அதை 20 சதவீதம் குளிர்நிலையில் உருமாற்றியே பயன்படுத்துகிறார்கள். அப்படி உண்டாக்கிய டிஸ்லொகேஷன்கள் காலியிடங்களையும் தட்டிவிடப்பட்ட அணுக்களையும் உறிஞ்சி, உப்பலைத் தள்ளிப்போடுகின்றன. இதைவிட மிக அதிகமாக உருமாற்றினால் உலைச் சூட்டிலேயே புதிய கிரெய்ன்கள் முளைத்து, சேர்த்துவைத்த டிஸ்லொகேஷன்கள் கரைந்துவிடும் ஆபத்து இருக்கிறது.